குழாயில் நின்ற காற்று

சனிக்கிழமை காலை நான் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு சரக்கு வண்டி பின்பக்கமாக வரும் சத்தம் கேட்டது. "வா, வா, இன்னும் வா, லேசா இடது பக்கம் ஒடி, போதும், நிறுத்து" என்று வழிகாட்டிய குரல் அக்காவுடையது. இருபத்தெட்டு வருடம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவளின் குரல் அப்படித்தான் இருக்கும். அதட்டாது, ஆனால் கேட்கிறவன் கால் தானாக பிரேக்குக்குப் போய்விடும். வாயில் நுரையோடு எட்டிப் பார்த்தேன். வண்டியின் மேல் நீலத் தார்ப்பாய் போர்த்திய ஏதோ ஒன்று, பெரிய நாய் படுத்திருப்பதுபோல இருந்தது. அக்கா கயிற்றை அவிழ்த்து ஒரே இழுப்பில் தார்ப்பாயை உருவினாள்.

வாட்டர் ஸ்கூட்டர். இரண்டு பேர் உட்காருகிற பழைய மாடல். ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்கும், இப்போது பழம்பல் நிறம். இருக்கை கிழிந்து உள்ளே பஞ்சு தெரிந்தது. கைப்பிடிக்கு அடியில் குளவி மண்கூடு கட்டிவிட்டுக் காலி செய்தும் போயிருந்தது. நான் நுரையைத் துப்ப மறந்து விழுங்கிவிட்டேன்.

"எங்கக்கா பிடிச்ச இத?"

"என்கிட்ட ஓட்டக் கத்துக்கிட்ட பல் டாக்டர் வீட்டுக் கொல்லையில கிடந்துச்சு. ரெண்டு தடவை டெஸ்ட்ல ஃபெயிலாகி, மூணாவது தடவை பாஸ் பண்ணாரு. என்ன வேணும்னு கேட்டாரு. இதக் காட்டினேன். இடம் காலியானா சரின்னுட்டாரு." அவள் இருக்கையைத் தட்டினாள். தூசி பறந்தது. "இன்ஜின் ஜாம். ஒம்பது வருஷமா அப்படியே கிடக்குதாம். நீ சரி பண்ணிக் குடு."

"எதுக்குக்கா?"

"ஓட்டத்தான். பின்ன, பூத்தொட்டி வைக்கவா?"

வண்டிக்காரர்களோடு சேர்ந்து நாலு பேராகப் பிடித்து அதை இறக்கினோம். காரைத் தெருவில் நிறுத்திவிட்டு, அது நின்ற கொட்டகையில் இரண்டு பழைய டயர்களின்மேல் இதை உட்கார வைத்தேன். என் மனைவி காபியோடு வந்து பார்த்தாள். "காருக்கு வெயில், இதுக்கு நிழலா?" என்றாள். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அக்காவின் முகத்தில் அப்போது இருந்ததை நான் கடைசியாகப் பார்த்து முப்பத்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

அப்போது அவளுக்கு இருபத்தைந்து, எனக்கு இருபத்தொன்று. நீர்த்தேக்கத்தின் கரையில் ஒரு படகுக் குழாம் இருந்தது. நான் அங்கே பட்டறையில் கையாள், அவள் வாட்டர் ஸ்கூட்டர் ஓட்டுகிறவள். வருகிறவர்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஏரியை ஒரு சுற்று சுற்றிக் கொண்டுவந்து இறக்க வேண்டும். முதலில் அவளை டிக்கெட் கிழிக்கத்தான் எடுத்தார்கள். ஓட்டுகிற ஆள் ஒருநாள் வராமல் போக, "நான் ஓட்டறேன்" என்று ஏறினாள், இறங்கவேயில்லை. ஏரி நடுவில் வண்டியைச் சாய்த்து அவள் திருப்பும்போது ஒரு விசிறி மாதிரி தண்ணீர் எழும்பி நிற்கும். கரையில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருக்கிறவர்கள் தின்பதை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள் வெளுத்த முகத்தோடு இறங்கி, "இன்னொரு சுற்று போகலாமா" என்று கேட்பார்கள். பட்டறைக்குப் பின்னால் கட்டிய கொடியில் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டைகள் வரிசையாகக் காயும். சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் ஈரத் தலையோடு வருவாள். நாங்கள் ஒரே சைக்கிளில் வீட்டுக்குப் போவோம். நான் மிதிப்பேன், அவள் பின்னால் உட்கார்ந்து அன்றைக்கு யார் எப்படிப் பயந்தார்கள் என்று நடித்துக் காட்டுவாள். சைக்கிள் கோணிக்கொண்டு போகும். எங்கள் இரண்டு பேர் உடம்பிலும் ஒரே நாற்றம்தான் இருக்கும். பெட்ரோலோடு சேர்ந்து எரிகிற ஆயிலின், கொஞ்சம் இனிப்பான புகை நாற்றம். அம்மா எங்கள் துணிகளைத் தனியாகத் துவைப்பாள்.

அந்த வருடம் குழாம் ஒரு பந்தயம் வைத்தது. அக்கா கடைசிச் சுற்று வரை முன்னால் வந்தாள். முடிவுக் கொடிக்கு இருநூறு அடி இருக்கும்போது இன்ஜின் நின்றுவிட்டது. வாட்டர் ஸ்கூட்டரில் ஒரு விஷயம் உண்டு. பின்னால் தண்ணீரை உமிழும் வேகம்தான் அதைத் திருப்பவும் செய்கிறது. இன்ஜின் நின்றால் கைப்பிடியை எந்தப் பக்கம் ஒடித்தாலும் அது நேராகத்தான் போகும். பின்னால் வந்தவனும் திருப்ப முடியாத தூரத்தில் இருந்தான். இடித்தான். அவளுடைய இடது காறை எலும்பு உடைந்தது. ஒட்டிக்கொண்ட பிறகும் அந்தத் தோள் ஒரு விரல்கடை கீழே இறங்கித்தான் இருக்கிறது.

தோளைவிட மற்றதுதான் பெரிது. இன்ஜினைப் பிரித்துப் பார்த்த பட்டறைத் தலைவர், முழு வேகத்தில் முரட்டுத்தனமாக ஓட்டி சூடேற்றி பிஸ்டனை ஒட்டவைத்துவிட்டாள் என்று சொன்னார். மேலாளர் அதையே எழுதி அவளை வேலையை விட்டு அனுப்பினார். "பொண்ணுங்க கையில குடுத்தா இப்படித்தான்" என்று யாரோ சொன்னது ஆஸ்பத்திரி வரை வந்து சேர்ந்தது. அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "உனக்கு என்னம்மா அவ்வளவு வேகம்?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு அவள் ஏரிப்பக்கமே போகவில்லை. ஐந்து வருடம் கழித்து ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்தாள். ஊரிலேயே மெதுவாக ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள் என்று பெயர் எடுத்தாள். என் காரில் ஏறினால் இப்போதும் அவளுடைய வலது கால் இல்லாத பிரேக்கைத் தேடித் தரையை அழுத்தும்.

எங்கள் வீட்டில் இது ஒரு சிரிப்புக் கதை. நாலு சொந்தக்காரர்கள் கூடினால் யாராவது எடுத்துக் கொடுப்பார்கள், நான்தான் சொல்வேன். "அந்த இன்ஜின் கை எடுத்துக் கும்பிட்டுச்சு, தாயே என்னை விட்டுடுன்னு. இவ விட்டாளா?" என்று நான் இரண்டு கைகளையும் கூப்பிக் காட்டும் இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை வேலையை ஆரம்பித்தோம். நான் ஜெனரேட்டரும் தண்ணீர் பம்பும் பழுது பார்க்கிறவன். இந்த மாதிரி இன்ஜினைத் தொட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. ஆனால் கைக்கு மறக்கவில்லை. புகைக்குழாயைக் கழற்றி, கார்புரேட்டர்களைக் கழற்றி, இன்ஜினைப் பிடித்திருந்த நாலு போல்ட்டையும் எடுத்து, உத்தரத்தில் சங்கிலி மாட்டி இன்ஜினைத் தூக்கினோம். அக்கா ஒவ்வொரு போல்ட்டையும் எடுத்து, முட்டை வாங்கிவந்த அட்டைத் தட்டின் குழியில் வைத்து, எதன் போல்ட் என்று பென்சிலால் எழுதினாள். நான் எழுதமாட்டேன். "ஞாபகம் இருக்கும்" என்றேன். "உன் ஞாபகம் எனக்குத் தெரியும்" என்றாள்.

சிலிண்டர்களை மூடியிருந்த ஹெட்டைக் கழற்றினோம். முன் சிலிண்டர் பரவாயில்லை. பின் சிலிண்டரில் பிஸ்டன் பாதி வழியில் அப்படியே நின்றிருந்தது. எண்ணெய் ஊற்றி இரண்டு நாள் ஊறவிட்டு, மரக்கட்டை வைத்துத் தட்டித் தட்டித்தான் சிலிண்டரை உருவ முடிந்தது. பிஸ்டனின் ஒரு பக்கம் பூனை பிறாண்டியதுபோல நெடுக்கக் கீறல். அலுமினியம் உருகிச் சிலிண்டர் சுவரில் ஒட்டியிருந்தது. அக்கா பிஸ்டனை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதே மாதிரிதான் என்னோடதும் இருந்துச்சு, இல்ல? என்கிட்ட யாரும் காட்டல."

"இருந்திருக்கும்."

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

அவள் பிஸ்டனைத் துணியில் சுற்றி ஜன்னலில் வைத்தாள். நான் கார்புரேட்டரைப் பிரிக்கக் குனிந்துகொண்டேன். அதன் உள்ளே நகக்கண் அளவில் ஒரு சல்லடை உண்டு. பச்சைக் களிம்பு மாதிரி ஏதோ அடைத்து அது முக்கால்வாசி மூடியிருந்தது. பழைய பெட்ரோல் குழாய் உள்ளுக்குள் கரைந்து வந்து அடைத்தது. பெட்ரோல் சரியாகப் போகவில்லை, அதில் இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடேறியிருக்கிறது. அதனால்தான் ஒட்டிக்கொண்டது. காரணம் கிடைத்த சந்தோஷத்தில் யோசிக்காமல் வாயை விட்டேன்.

"ஓட்டினவன்மேல தப்பு இல்லக்கா. சும்மா ஏரியில ரவுண்டு அடிச்சுட்டு இருந்தாக்கூட இது ஜாம் ஆகியிருக்கும்."

அக்கா கையில் இருந்த துணியை மடித்தாள். அதை இன்னும் சின்னதாக மடித்தாள். "அப்ப என்னோடது?"

"அது வேற" என்றேன்.

"என்ன வேற?"

"அது பந்தயம். இது அப்படியா?"

அவள் அன்றைக்குச் சீக்கிரம் கிளம்பிப் போனாள்.

சிலிண்டர்களை லேத் பட்டறைக்கு எடுத்துக்கொண்டு போனோம். லேத்காரருக்கு மைக்ரான் என்று பெயர் வைத்திருந்தோம். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட, "பையன் ரெண்டு மைக்ரான் குட்டை, மத்தபடி நல்ல ஃபிட்டு" என்று சொன்னவர். அவர் சிலிண்டருக்குள் விரலைவிட்டுத் தடவி, கண்ணை மூடி, "அரை மில்லி பெரிசாக்கினா கீறல் போயிடும்" என்றார். அளந்து பார்த்தும் அதையேதான் சொன்னார். அக்கா ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அரைநாள் அவர் கடைவதைப் பார்த்தாள். கருவி உள்ளே சுற்றி இறங்கும்போது கீறல் ஒவ்வொன்றாக அழிந்து, சுவர் புதிதாக, சாம்பல் நிறத்தில், குறுக்கும் நெடுக்குமான மெல்லிய கோடுகளோடு வந்தது. "இந்தக் கோட்டுலதாம்மா ஆயில் நிக்கும். ரொம்ப வழவழன்னு இருந்தா வழிஞ்சு ஓடிடும்" என்று அவர் அக்காவிடம் சொன்னார். திரும்பி வரும்போது அவள் இரண்டு சிலிண்டரையும் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். வழி முழுக்கப் பழைய கதை. மிதவைச் சட்டையை மாட்டாமல் நீச்சல் தெரியும் என்று குதித்துவிட்டு அலறின புதுமாப்பிள்ளையைப் பற்றிச் சொன்னாள். படகுத்துறைக் கம்பத்தில் இருந்த மணியை நாங்கள் இரண்டு பேரும் ஒருநாள் திருடி, சத்தம் கேட்காமல் இருக்கத் துணி சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, பயந்து மறுநாளே திரும்பக் கொண்டுபோய் மாட்டியதைச் சொன்னாள். எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. அந்த நாள் முழுவதும், தெரு, வெயில், காற்று எல்லாமே அந்தக் காலத்தில் இருந்ததுபோல இருந்தன. காரைத் திருப்பும்போது அவள் கால் தரையை அழுத்தவில்லை என்பதை வீடு வந்த பிறகுதான் கவனித்தேன்.

அடுத்த இரண்டு வாரமும் நன்றாகப் போயிற்று. புது பிஸ்டன், அதைச் சுற்றி மாட்டப் புது ரிங். ரிங்கைச் சிலிண்டருக்குள் தனியாக நுழைத்து, அதன் இரண்டு முனைக்கும் நடுவில் எவ்வளவு சந்து இருக்கிறது என்று தகடு விட்டுப் பார்க்க வேண்டும். அக்காவுக்கு அந்த வேலை பிடித்துப்போனது. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவைத்துக்கொண்டு, தகடு இழுபட்டும் படாமலும் வருகிற அந்த இடத்தை விரலாலேயே கண்டுபிடித்தாள். பிஸ்டன் தலையில் இருக்கும் அம்புக்குறி புகைபோகிற பக்கம் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு முன்பே அவள் சொன்னாள். ஹெட் போல்ட்டுகளை நான் குறுக்கு மறுக்காக முறுக்க, அவள் வரிசை எண்ணைச் சொன்னாள். பல்லிடுக்கில் அவள் முனகிக்கொண்டிருந்த பாட்டு எங்கள் சைக்கிள் நாட்களின் பாட்டு. இன்ஜினை வண்டியின் கூட்டுக்குள் இறக்கி உட்கார வைத்தோம். மிச்சம் இருந்தது ஆயில் பம்ப் ஒன்றுதான்.

இந்த மாதிரி இன்ஜினில் ஆயில் தனித் தொட்டியில் இருக்கும். உள்ளே இருப்பது தெரிகிற ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியாகச் சின்ன பம்புக்கு வந்து, அங்கிருந்து இன்ஜினுக்குள் போகும். குழாயைக் கழற்றி மாட்டினால் உள்ளே காற்று போய்விடும். பம்பில் ஒரு திருகு இருக்கும். அதைத் தளர்த்திவிட்டு, குமிழி எல்லாம் வெளியேறி ஆயில் மட்டும் ஒழுங்காக வழிகிற வரைக்கும் காத்திருந்து மூட வேண்டும். ஏர் எடுக்கிறது என்று சொல்வோம். ஐந்து நிமிஷ வேலை. மறந்தால் தொட்டி நிறைய ஆயில் இருந்தும் இன்ஜினுக்கு ஒரு சொட்டுப் போகாது.

நான் திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தேன். புதுக் குழாயில் மஞ்சள் ஆயில் மெதுவாக இறங்கி வந்து, குழாய் வளைந்து மேலேறுகிற இடத்தில் நின்றது. அதற்கு அந்தப் பக்கம் இரண்டு அங்குலம் வெறும் காற்று. அக்கா குனிந்து பார்த்து, "ஏன் நிக்குது?" என்றாள்.

நான் சொல்லிவிட்டேன். இத்தனை வருடம் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். ஒன்றும் உதவவில்லை. "இதனாலதான்க்கா உன்னோடது நின்னுச்சு" என்றுதான் வந்தது.

பந்தயத்துக்கு முதல்நாள் ஆயில் குழாய் விறைத்துப்போயிருந்தது என்று நான்தான் மாற்றினேன். மாற்றிக்கொண்டிருக்கும்போது சாப்பிடக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்து மூடியைப் போட்டு மூடினேன். ஏர் எடுக்கவில்லை. மறுநாள் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகு வண்டியைப் பட்டறைக்கு இழுத்து வந்தார்கள். தலைவர் தொட்டியைத் திறந்து பார்த்தார். ஆயில் நிறைய இருந்தது. அப்படியானால் ஓட்டினவள் தப்புதான் என்றார். எல்லோரும் போன பிறகு நான் குனிந்து பார்த்தேன். குழாய் வளைவில் காற்று நின்றிருந்தது. நான் திருகைத் தளர்த்தி அதை வெளியே விட்டுவிட்டு மூடினேன்.

"ஏன்?" என்றாள் அக்கா.

"பயம். வேலை போயிடும்னு."

"என் வேலை போச்சே."

நான் தலை நிமிரவில்லை. அவளுடைய செருப்பின் வார் மட்டும் தெரிந்தது. ஒரு பக்கத் தையல் விட்டிருந்தது. வெகுநேரம் அந்தச் செருப்பு நகரவில்லை. பிறகு நகர்ந்தது. வெளிக்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அறைந்து சாத்தவில்லை. எப்போதும்போல, தாழ்ப்பாள் விழுந்ததா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

மூன்று வாரம் அவள் வரவில்லை. போன் செய்தால் அடித்து ஓய்ந்தது. நான் ஒருமுறை ஓட்டுநர் பள்ளிக்குப் போனேன். எதிர்ப் பக்கம் நின்று பார்த்தேன். பக்கத்து இருக்கையில் அவள், ஓட்டும் இருக்கையில் வியர்த்து வழியும் ஒரு பெண். கார் நத்தை மாதிரி வளைவில் திரும்பிப் போனது. நான் பைக்கை உதைத்துக் கிளம்பி வந்துவிட்டேன். மனைவி, "அண்ணி ஏன் வரல? சண்டையா?" என்று கேட்டாள். வேலை அதிகமாம் என்றேன். பொய் சொல்வது எனக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கொட்டகையில் இன்ஜின் துணி போர்த்தி இருந்தது. நான் அதைத் தொடவில்லை. குழாயில் அந்தக் காற்று அப்படியே இருந்தது.

நாலாவது ஞாயிறு மதியம், நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது அக்கா வந்தாள். கல்லூரியில் படிக்கும் என் மகளும் வீட்டில் இருந்தாள். "அத்தை, கரெக்டா சாப்பாட்டு நேரத்துக்கு வந்துட்டீங்க" என்று எழுந்து தட்டு எடுத்து வைத்தாள். அக்கா கை கழுவிவிட்டு வந்து எனக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள்.

"நான் ரேஸ்ல இன்ஜினை உடைச்ச கதையச் சொல்லுடா" என்றாள்.

மகள் சிரித்தாள். "ஐயோ அத்தை, நூறு தடவை கேட்டாச்சு. இன்ஜின் கும்பிட்ட கதைதானே."

"இல்ல, இது நீ கேக்காத கதை. அப்பாவைச் சொல்லச் சொல்லு."

என் மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன். சாப்பிடக் கூப்பிட்டதிலிருந்து காற்றை வெளியே விட்டது வரைக்கும் சொன்னேன். கொட்டகையில் சொன்னபோது இவ்வளவு நீளமாக இல்லை. நடுவில் அக்கா தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். அவள் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மகள் என்னைப் பார்த்த பார்வையில் நான் அவளுக்கு ஒரு முழம் குட்டையாகிவிட்டேன் என்பது தெரிந்தது. அவள் அத்தை பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்குக் கோபம் வரலையா?"

"வருது. சாப்பிட்டு முடிச்சிட்டுப் படறேன்" என்றாள் அக்கா. பிறகு எங்கள் யாரையும் பார்க்காமல், "எத்தன பேருக்குச் சொல்லிக் குடுத்திருப்பேன், ஆயிரம் பேரு இருக்குமா? ஒவ்வொருத்தர் கிட்டயும் முதல் நாள் இதத்தான் சொல்லுவேன். வேகமாப் போனவ நானு, என்னைப் பாருங்க, தோள் இறங்கிக் கிடக்குன்னு" என்றாள். தட்டில் விரலால் ஒரு கோடு போட்டாள். "நல்லாத்தான் ஓட்டியிருக்கேன்டா."

"ரொம்ப நல்லா ஓட்டின" என்றேன்.

"அத நீ அன்னிக்குச் சொல்லியிருக்கணும்."

அதற்குப் பிறகு அவள் மோர் கேட்டு வாங்கிக் குடித்தாள். கை கழுவிக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். நான் போகலாமா வேண்டாமா என்று தெரியாமல் கூடத்தில் நின்றேன். என் மனைவி பாத்திரங்களை எடுத்துக்கொண்டே, "போங்க. உங்களுக்கு வேற எங்க போறதுக்கு இருக்கு" என்றாள். அவள் குரலில் கனிவு இல்லை. அதற்குப் பிறகு இரண்டு நாளைக்கு என்னோடு பேசவும் இல்லை.

கொட்டகையில் அக்கா குந்தி உட்கார்ந்திருந்தாள். திருகைத் தளர்த்தியிருந்தாள். குமிழி ஒவ்வொன்றாக வந்து உடைந்தது. பிறகு ஆயில் மட்டும் வழிந்தது. அவள் உடனே மூடவில்லை. கீழே வைத்த துணி நனைந்து மஞ்சளாகிற வரைக்கும் வழியவிட்டாள். அப்புறம் மூடி, விரலால் முறுக்கி, திருப்புளியால் இறுக்கினாள்.

அடுத்த சனிக்கிழமை தரையிலேயே ஓட்டிப் பார்த்தோம். இன்ஜினைக் கிளப்பிய பிறகுதான், அதைக் குளிர்விக்க மாட்டிய தண்ணீர்க் குழாயைத் திறக்க வேண்டும், நிறுத்துமுன் தண்ணீரை மூட வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் உள்ளே ஏறிவிடும். அக்கா பட்டனை அழுத்தினாள். இரண்டு முறை இருமியது. மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது. கொட்டகை முழுக்க நீலப் புகை. பக்கத்து வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. மகள் துப்பட்டாவைத் தேடி, அது இல்லாததால் அம்மாவின் முந்தானையை இழுத்து மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்கும் அக்காவுக்கும் மட்டும் அந்தப் புகையை விட்டு வெளியே வர மனமில்லை. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அதற்குள் நின்றோம். அரை நிமிஷம் ஆனதும் தண்ணீரை மூடி, "போதும், அணைச்சுடுக்கா" என்றேன். அவள் இன்னொரு மூச்சு இழுத்துவிட்டு அணைத்தாள்.

ஏரிக்கு ஒரு வார நாளில் போனோம். பழைய குழாம் இப்போது இல்லை. அந்த இடத்தில் வேறு பெயரில் ஒரு படகுத்துறை. வாடகைக்கு விடும் துடுப்புப் படகுகள் கரையில் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. டிக்கெட் கொடுக்கிற பெண் அக்காவின் நரைத்த தலையையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்து, "யாரு ஓட்டப் போறீங்க?" என்று கேட்டாள். "நான்தான்" என்றாள் அக்கா. சரிவில் வண்டியைத் தண்ணீருக்குள் இறக்கினோம். நான் முட்டியளவு தண்ணீரில் நின்று பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். அவள் மிதவைச் சட்டையின் வாரை இறுக்கிவிட்டு ஏறினாள். ஏறும்போது இடது கையை ஊன்றவில்லை.

"புது ரிங்குக்கா. முதல் டேங்க் முழுக்கப் பாதி வேகம்தான். ஒரே வேகத்துல பிடிச்சு வைக்காத, ஏத்தி இறக்கி ஓட்டு."

"பாதியா?"

"பாதி."

"அப்புறம்?"

"அப்புறம் உன் இஷ்டம்."

அவள் கிளப்பினாள். என் கையிலிருந்து வண்டி நழுவிப் போனது. மெதுவாக, வரைகோலால் கோடு இழுப்பதுபோல நேராகப் போனாள். தூரத்தில் இடது பக்கம் ஒரு வட்டம், வலது பக்கம் ஒரு வட்டம். நான் காதால்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு சிலிண்டரும் ஒரே சீராகப் பாடின. ஏற்றினாள், இறக்கினாள், நான் சொன்னபடியே. ஏரியின் அக்கரை ஓரம் வரைக்கும் போய் ஒரு வெள்ளைப் புள்ளியாக நின்றாள். இன்ஜினை நிறுத்திவிட்டாளா, நின்றுவிட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. ஏரி முழுக்க ஒரு சத்தமும் இல்லை. நான் கால்சட்டை நனைய இன்னும் இரண்டடி உள்ளே போனேன்.

பிறகு சத்தம் வந்தது. முதலில் தாழ்வாக, பிறகு உயர்ந்து, பாதியைத் தாண்டி, நான் சொன்ன எல்லா அளவையும் தாண்டி உயர்ந்தது. என் வாய் அவளைக் கூப்பிடத் திறந்து அப்படியே நின்றது. நடு ஏரியில் அவள் சாய்ந்து திரும்பினாள். தண்ணீர் எழுந்த அந்தப் பக்கம் வெயில் இருந்ததால் கண் கூசி ஒன்றும் தெரியவில்லை. சத்தம் அக்கரை மலைப்பக்கமாகத் தேய்ந்து போய்க்கொண்டிருந்தது. அவள் கிளப்பிவிட்ட அலை வெகுநேரம் கழித்து, ஒரு அவசரமும் இல்லாமல் கரைக்கு வந்து சேர்ந்தது. கட்டிக் கிடந்த துடுப்புப் படகுகள் முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று ஒவ்வொன்றாக எழுந்து, தங்கள் கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத் தணிந்தன.